கைம்மாறு கருதாத உதவி உண்டா, எல்லாம் டோபமைன் செய்யும் வேலையா?

கேள்வி இது: பிறருக்கு உதவும்போது மூளையில் டோபமைன், ஆக்ஸிடோசின் எல்லாம் சுரக்கின்றன, அதனால் நமக்கே ஒரு சுகம் கிடைக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் தன்னலம் துளியும் இல்லாத உதவி என்று ஒன்று இருக்க முடியுமா? தியாகம் என்பதே மூளையின் ரசாயனத்துக்கு நாம் வைத்த பெயர்தானா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். உதவும்போது மூளையில் ரசாயன மாற்றம் நடக்கிறது என்பதை வைத்து உதவியவரின் நோக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பொய் சொல்லும்போதும் அது நடக்கிறது, வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் நடக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதே பெரும்பாலும் ரசாயனத்தின் வழியாகத்தான். ஆகவே "தன்னலமற்றதா, ரசாயனமா" என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினால் விடை வராது. அந்த ரசாயனம் கிளப்பிவிடும் உந்துதல் எதைக் குறிவைக்கிறது என்று கேட்டால் வரும். என் சங்கடம் தீர வேண்டும் என்பதையா, எதிரே இருப்பவரின் துன்பம் தீர வேண்டும் என்பதையா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சோதனையில் பிரித்துவிடலாம். பிரித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

"உதவினால் மனநிறைவு வருகிறது, ஆகவே அந்த நிறைவுக்காகத்தான் உதவுகிறோம்" என்ற வாதம் மிகப் பழையது. 1726இல் வெளியான தன் பிரசங்கங்களிலேயே ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை உடைத்துவிட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: ஒன்று நிறைவேறியதில் இன்பம் வர வேண்டுமென்றால், அது நிறைவேற வேண்டும் என்ற ஆசை முன்பே இருந்தாக வேண்டும். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்துத் தாய்க்கு நிம்மதி வருகிறது. பிள்ளையின் பசி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லையென்றால் அந்த நிம்மதி எங்கிருந்து வரும்? அக்கறை முன்னே போகிறது, இன்பம் பின்னே வருகிறது. நம்மவர்களும் இதைப் பிரித்தே பார்த்தார்கள். ஈத்துவக்கும் இன்பத்தை வள்ளுவர் மூடி மறைக்கவில்லை, அதை அறியாதவர்களைப் பார்த்துத்தான் வியக்கிறார். ஆனால் இம்மையில் செய்தால் மறுமையில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனைப் புறநானூற்றில் முடமோசியார் "அறவிலை வணிகன்" என்றார், ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் இல்லை என்றும் சொன்னார். கூடவே வரும் இன்பம் ஒன்று, அதைக் கருதியே செய்வது வேறொன்று.

இரண்டாவது குழப்பம் பரிணாமத்திலிருந்து வருவது. 1964இல் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் ஒரு கணக்குச் சொன்னார்: பெறுபவருக்குக் கிடைக்கும் பயனை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால், அது கொடுப்பவரின் இழப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த உதவும் குணம் தலைமுறைகளில் பரவும். 1971இல் ராபர்ட் ட்ரைவர்ஸ் என்ற இன்னொரு உயிரியலாளர், உறவில்லாதவர்களிடையே இன்று நீ, நாளை நான் என்ற முறையில் அது எப்படி நிலைக்கும் என்று விளக்கினார். இவை இரண்டும் இப்படிப்பட்ட மூளை ஏன் உருவானது என்பதற்கான விடைகள். அந்த மூளைக்குள் இப்போது என்ன ஆசை ஓடுகிறது என்பதற்கு விடை ஆகா. காமம் இனவிருத்திக்காக உருவானது, அதில் சந்தேகமில்லை. கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்பவர்களுக்கும் காமம் இருக்கத்தான் செய்கிறது. மரபணு "சுயநலமானது" என்று சொல்வது உவமை. அதை எடுத்து மரபணுவைச் சுமக்கும் மனிதரின் தலையில் ஏற்றுவது தவறு.

இனி டோபமைனுக்கு வருவோம். செய்தித்தாள்களில் டோபமைன் என்றாலே "இன்ப ஹார்மோன்" என்று போட்டுவிடுகிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் தாமாக உணவைத் தேடிப் போவதில்லை. அப்படியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், எப்போதும்போலச் சப்புக்கொட்டுகின்றன. ருசி போகவில்லை, வேண்டும் என்ற வேகம்தான் போய்விட்டது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளில் கண்டது இன்னொரு பக்கம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் வேகமாகத் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்ட பிறகு, விளக்குக்கே துடிக்கின்றன, சாறுக்குத் துடிப்பதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைகிறது. ஆக டோபமைன் பெரும்பாலும் உந்துவதும் கற்றுக்கொடுப்பதும்தான். எதன்மேல் அக்கறை இருக்கிறதோ அதை நோக்கித் தள்ளும். அந்த அக்கறை பழச்சாறின் மேலும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் காய்ச்சல் இறங்குவதிலும் இருக்கலாம்.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. "தானம் செய்தபோது டோபமைன் சுரந்ததை ஸ்கேன் காட்டியது" என்று எங்கேனும் படித்தால், எந்த ஸ்கேன் என்று பாருங்கள். எஃப்எம்ஆர்ஐ டோபமைனைக் காட்டாது. மூளையின் ஒரு பகுதிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் போவதை அது பதிவு செய்கிறது. அதுவும் நரம்பணுக்கள் வேலை செய்து ஐந்தாறு வினாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனசதுரம், அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். டோபமைனை ஓரளவாவது பார்க்க வேண்டுமென்றால் கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். தானம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எஃப்எம்ஆர்ஐயில் செய்தவை. அவற்றில் ஒளிர்வது ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி. பணம் வந்தாலும் அது ஒளிரும், இசை கேட்டாலும் ஒளிரும். 2004இல் சூரிச்சில் செய்த ஒரு பெட் ஆய்வில், தன்னை ஏமாற்றியவனுக்குத் தண்டனை கொடுக்கும்போதும் அதே பகுதி வேலை செய்தது. பழிவாங்கலுக்கும் அன்னதானத்துக்கும் ஒரே விளக்கு எரிகிறதென்றால், விளக்கை மட்டும் பார்த்து எது நடக்கிறது என்று சொல்ல முடியாது. இந்தத் தலைகீழ் ஊகத்தின் ஆபத்தை 2006இல் ரஸல் போல்ட்ராக் என்ற மூளை ஆய்வாளர் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகும் அதே தவறு ஓயவில்லை.

அதற்காக ஸ்கேன் ஆய்வுகள் வீண் என்று சொல்லவில்லை. சோதனையை நன்றாக அமைத்தால் பயன் உண்டு. 2007இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹார்பா, உல்ரிக் மேயர், டேனியல் பர்கார்ட் மூவரும் செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 19 பெண்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்து ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார்கள். சில சுற்றுகளில் அந்தப் பணத்திலிருந்து ஒரு தொகை, அவர்களைக் கேட்காமலே, வரி பிடிப்பதுபோல ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போனது. வேறு சுற்றுகளில் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்தார்கள். கேட்காமல் பிடித்த சுற்றுகளிலும் ஸ்ட்ரையேட்டம் வேலை செய்தது. இது முக்கியம், ஏனென்றால் அங்கே "நான் கொடுத்தேன்" என்ற பெருமைக்கு இடமே இல்லை. பசித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே போதுமானதாக இருந்தது. தாமாகக் கொடுத்த சுற்றுகளில் அதைவிடக் கூடுதலாக வேலை செய்தது. அந்தக் கூடுதல் பங்கைத்தான் கொடுத்த பெருமை என்று சொல்லலாம். ஆக இரண்டும் ஒரே தலைக்குள் கலந்து இருக்கின்றன. கேட்காமல் பிடித்தபோது யாருக்கு அதிகமாக ஒளிர்ந்ததோ, அவர்களே தாமாகக் கொடுக்கும் சுற்றுகளிலும் அதிகம் கொடுத்தார்கள்.

நோக்கத்தைப் பிரித்துப் பார்த்த சோதனைகளில் என்னைப் பொறுத்தவரை இன்றும் முதலிடம் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் பாட்சன் 1981இல் வெளியிட்டதற்குத்தான். அதில் ஸ்கேன் ஏதும் இல்லை, ஒரு டிவிப் பெட்டி மட்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

44 மாணவிகள். ஒவ்வொருவரும் தனியாக வருவார். சீட்டுக் குலுக்கியதில் நீங்கள் பார்வையாளர், எலெய்ன் என்ற இன்னொரு பெண் வேலை செய்பவர் என்று சொல்லிவிடுவார்கள். எலெய்ன் பக்கத்து அறையில் இருப்பதாகச் சொல்லி டிவியில் காட்டுவார்கள், உண்மையில் அது முன்பே பதிவு செய்த படம். எலெய்னுக்கு மனப்பாட வேலை, நடுநடுவே மின்அதிர்ச்சி. முதல் இரண்டு சுற்றிலேயே அவள் முகம் சுளித்துத் துடிப்பது தெரியும். உதவியாளர் நிறுத்தி விசாரிப்பார். சிறு வயதில் குதிரையிலிருந்து மின்வேலியின்மேல் விழுந்ததாகவும், அதிலிருந்து லேசான அதிர்ச்சிகூடத் தாங்க முடிவதில்லை என்றும் எலெய்ன் சொல்வாள். உடனே சோதனையாளர் வந்து பார்வையாளரிடம் கேட்பார்: மீதிச் சுற்றுகளை அவளுக்குப் பதிலாக நீங்கள் செய்கிறீர்களா?

இதில் இரண்டு திருகு வைத்தார் பாட்சன். ஒன்று, தப்பிக்கும் வழி. பாதிப் பேரிடம், இரண்டு சுற்று பார்த்தால் போதும், பிறகு நீங்கள் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மற்றப் பாதிப் பேர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, அனுதாபம். எலெய்ன் நிரப்பியதாக ஒரு படிவத்தை முன்கூட்டியே காட்டியிருந்தார்கள். பாதிப் பேருக்கு அது தங்கள் விருப்புவெறுப்புகளோடு ஒத்துப்போகும்படியும், மீதிப் பேருக்கு முற்றிலும் மாறாகவும் தயாரித்திருந்தார்கள். தன்னைப் போன்றவள் என்று தோன்றினால் மனம் அதிகம் இளகும் என்பது எதிர்பார்ப்பு.

உதவுகிறவர்கள் எல்லோரும் தங்கள் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவே உதவுகிறார்கள் என்றால், எழுந்து போக வழி இருக்கும்போது இரண்டு வகையினருமே போய்விட வேண்டும். கண்ணில் படாவிட்டால் சங்கடமும் இல்லை. நடந்தது வேறு. தன்னைப் போன்றவள் இல்லை என்று நினைத்தவர்களில், போக வழி இருந்தபோது 18 சதவீதம் பேர் மட்டுமே உதவ முன்வந்தார்கள். வழி அடைபட்டபோது அது 64 சதவீதம் ஆனது. அவர்கள் தங்கள் சங்கடத்துக்குத்தான் மருந்து தேடினார்கள், சந்தேகமில்லை. தன்னைப் போன்றவள் என்று நினைத்தவர்களிலோ, போக வழி இருந்தபோதும் 91 சதவீதம் பேர் அதிர்ச்சியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வழி அடைபட்டபோது 82. ஒரு பிரிவுக்கு 11 பேர்தான் என்பதால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஒரே ஒருவர்தான் வித்தியாசம். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது 18க்கும் 91க்கும் உள்ள தூரம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் தொடர்ந்து மடக்கினார். அனுதாபம் நமக்கே சோகத்தைத் தருகிறது, அந்தச் சோகத்தைப் போக்கிக்கொள்ளத்தான் உதவுகிறார்கள் என்றார். பாட்சன் குழு 1988இல் வேறொரு சோதனையில் இதற்குப் பக்கவாட்டில் ஒரு பதிலைக் கண்டது. ஒருவர் உதவத் தயாராக இருக்கும்போது, அவர் செய்யத் தேவையின்றியே எதிரே இருப்பவரின் கஷ்டம் தற்செயலாகத் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கொடுத்த பெருமைதான் குறி என்றால், வாய்ப்புப் போய்விட்டதே என்ற ஏமாற்றம் தெரிந்திருக்க வேண்டும். அனுதாபம் மிகுந்தவர்களுக்கு அப்போதும் மனம் அதே அளவு மலர்ந்தது. சியால்டினி 1997இல் கொண்டுவந்த அடுத்த வாதம் இன்னும் வலுவானது: அனுதாபம் வரும்போது நான், நீ என்ற கோடே அழிகிறது, ஆகவே அவரில் தெரியும் தன்னையே ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மின்அதிர்ச்சி விழப்போவது யார் உடம்பில் என்பது அந்த மாணவிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நான்" என்பதை இவ்வளவு அகலமாக விரித்துவிட்டால், தன்னலம் என்ற சொல்லுக்கு மிஞ்சும் பொருள் என்ன என்று தெரியவில்லை.

பரிசு கொடுத்தும் நோக்கத்தைச் சோதிக்கலாம். 2008இல் லைப்ஸிக்கில் ஃபெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் செய்தது அது. கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்த குழந்தைகளில் சிலருக்குப் பரிசு கிடைத்தது, சிலருக்குப் பாராட்டு மட்டும், சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு பரிசை நிறுத்தியபோது, பரிசுக்குப் பழகியவர்கள்தான் குறைவாக உதவினார்கள். உள்ளே முதலிலிருந்தே கூலிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், பரிசு அதைக் கெடுத்திருக்காது.

ஆய்வகத்தில் சில நிமிடம் அதிர்ச்சி வாங்கிக்கொள்வது ஒரு பக்கம். முன்பின் தெரியாதவருக்குச் சிறுநீரகம் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் இப்படிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்புக்குப் பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. யாருக்குப் போகிறது என்பது பல நேரம் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. பொது மயக்கம் கொடுத்து, வயிற்றில் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் சுமார் 150 கிராம் எடையுள்ள உறுப்பை எடுக்கிறார்கள். பழைய வேலைக்குத் திரும்பப் பல வாரம் ஆகும். கொடுத்தவர்களில் அறுவை சிகிச்சையை ஒட்டி இறப்பவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர் என்று 2010இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அபிகெய்ல் மார்ஷ் இவர்களில் 19 பேரையும், ஒப்பிட 20 பேரையும் ஸ்கேன் செய்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு முன் அவர் ஆராய்ந்தது நேர் எதிரான மனிதர்களை: பிறர் துன்பம் உறைக்காத, மனநோய் மருத்துவத்தில் சைகோபதி என்று சொல்லும் குணக்கூறுகள் கொண்ட இளைஞர்கள். பயந்த முகத்தின் படத்தைக் காட்டினால் அவர்களின் அமிக்டலா என்ற பகுதி மந்தமாகவே இருக்கும். சிறுநீரகம் கொடுத்தவர்களில் இது தலைகீழ். வலப்பக்க அமிக்டலா சராசரியாக 8 சதவீதம் பெரிதாக இருந்தது, பயந்த முகங்களுக்குக் கூடுதலாக விழித்துக்கொண்டது. அமிக்டலாவைப் பயத்தின் மையம் என்று எழுதுவார்கள். தான் பயப்படப் பயன்படுத்தும் அதே கருவியை வைத்துத்தான் இன்னொருவரின் பயத்தையும் படிக்கிறோம் போலிருக்கிறது. 2018இல் அதே குழு இன்னொன்றைக் கண்டது. முன்பின் தெரியாத ஒருவர் வலியில் இருப்பதைப் பார்க்கும்போது இவர்களின் மூளையில் முன்பக்க இன்சுலா என்ற பகுதி இயங்கிய விதம், தமக்கே வலித்தபோது இயங்கியதோடு மற்றவர்களைவிட நெருக்கமாக ஒத்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 19 பேர் சிறிய எண்ணிக்கை. கொடுத்தபின் எடுத்த ஸ்கேன் என்பதால் மூளை இப்படி இருந்ததால் கொடுத்தார்களா என்பதை அது நிரூபிக்காது. இருந்தாலும் இவர்களிடம் எடுத்த வேறொரு அளவை எனக்கு ஸ்கேனைவிட அதிகம் சொல்கிறது. உங்களுக்கு நெருக்கமான நூறு பேரை வரிசைப்படுத்துங்கள், 1 மிக நெருங்கியவர், 100 முகம் மட்டும் தெரிந்தவர் என்பார்கள். பிறகு, ஒரு பெரிய தொகை உங்களுக்கு மட்டுமா, அதைவிடச் சிறிய தொகை உங்களுக்கும் அவருக்கும் ஆளுக்கு ஒன்றா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பெரும்பாலோருக்கு முதல் சில பேரைத் தாண்டியதும் விட்டுக்கொடுக்கும் தொகை சரசரவென்று இறங்கிவிடும். சிறுநீரகம் கொடுத்தவர்களின் கோடு மிக மெதுவாகத்தான் இறங்குகிறது, நூறாவது ஆளும் அவர்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. நெருங்கியவர்களிடம் காட்டும் அக்கறையில் அவர்கள் நம்மிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. அந்த அக்கறை எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ரசாயனத்துக்குத் திரும்புவோம். ரசாயனம் இதில் வெறும் வேடிக்கை பார்ப்பதில்லை. அதை மாற்றினால் உதவும் நடத்தை மாறுகிறது. 2011இல் சிகாகோவில் இன்பால் பார்டல், ஜீன் டெசெட்டி, பெக்கி மேசன் ஆகியோர் ஒரு எலியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து, கூட்டாளி எலியை வெளியே விட்டார்கள். சில நாளில் வெளி எலி கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்திலேயே இன்னொரு குழாயில் சாக்லேட் துண்டுகள் வைத்தபோது இரண்டையும் திறந்து, பல நேரம் கூட்டாளிக்கும் மிச்சம் வைத்தது. பிறகு மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து போட்ட எலிகள் சாக்லேட்டுக்குக் கதவைத் திறந்தன, அடைபட்ட எலிக்குத் திறக்கவில்லை. கை கால் வேலை செய்தது, ஆசையும் இருந்தது. கூட்டாளியின் பதற்றம் தனக்கும் தொற்றும் பாதை மட்டும் அடைபட்டுவிட்டது.

மனிதர்களிலும் இதற்கு இணை உண்டு. சாதாரண பாராசிட்டமால் 1000 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்கள், அடுத்தவர் வலியைப் பற்றிப் படிக்கும்போது அதைக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று 2016இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. வியன்னாவில் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். வெறும் மாத்திரையைக் கொடுத்து நல்ல வலிநிவாரணி என்று சொன்னதுமே, தன் வலியும் குறைந்தது, பிறர் வலி உறைப்பதும் குறைந்தது. வலி தணிக்க மூளை தானே சுரக்கும் ஓபியாய்டு என்ற பொருள்களைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் கொடுத்ததும் அந்த விளைவு போய்விட்டது. தலைவலிக்கு மாத்திரை போடுபவர்கள் கல்நெஞ்சர்கள் ஆகிவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மாற்றம் சிறியது, சில மணி நேரத்துக்குத்தான்.

டோபமைன் ஏறினால் தாராளம் ஏறும் என்று நினைப்பவர்கள் லண்டனில் மாலி கிராக்கெட் 2015இல் வெளியிட்ட சோதனையைப் பார்க்க வேண்டும். ஒரு மின்அதிர்ச்சியைத் தவிர்க்க எவ்வளவு பணத்தை விடத் தயார் என்று கேட்டார்கள். மருந்தில்லாதவர்கள் தனக்கு வரும் அதிர்ச்சிக்குச் சுமார் 35 பென்ஸ், முகம் தெரியாதவருக்கு வருவதற்கு 44 பென்ஸ் விட்டார்கள். கவனியுங்கள், அடுத்தவர் வலிக்குத்தான் அதிகம். செரோடோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தைக் கூட்டும் சிட்டலோபிராம் மருந்தை எடுத்தவர்களிடம் இவை 60, 73 ஆக உயர்ந்தன. டோபமைனாக மாறும் லெவோடோபா எடுத்தவர்களிடம் அடுத்தவருக்கென்று இருந்த அந்தக் கூடுதல் பங்கு காணாமல் போனது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் டோல்கபோன் என்ற மருந்து, இதுவும் டோபமைனின் ஆயுளை நீட்டுவதுதான், பங்கு போடுபவர்களைச் சமமாகப் பிரிக்கத் தூண்டியது. ஒரே ரசாயனம், ஒரு இடத்தில் தாராளத்தைக் குறைக்கிறது, இன்னொரு இடத்தில் கூட்டுகிறது. எந்தப் பகுதியில், என்ன கணக்கு நடக்கும்போது என்பதைச் சொல்லாமல் ரசாயனத்தின் பெயரை மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆக்ஸிடோசின் கதை இன்னும் மோசம். பிரசவ வலியைத் தூண்டவும் தாய்ப்பால் இறங்கவும் உதவும் ஹார்மோன் அது. அந்த வேலைகளில் அதன் பெயர் பழுதில்லை. 2005இல் சூரிச்சில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக 24 யூனிட் கொடுத்து, 50 நிமிடம் காத்திருந்து, பணத்தை அந்நியரிடம் நம்பி ஒப்படைக்கும் விளையாட்டு ஒன்றை வைத்தார்கள். ஸ்ப்ரே அடித்த 29 பேரில் 45 சதவீதம் பேர் முழுத் தொகையையும் ஒப்படைத்தார்கள், வெறும் ஸ்ப்ரே அடித்த 29 பேரில் 21 சதவீதம். அதாவது 13 பேர், 6 பேர். உலகம் முழுவதும் "அன்பு ஹார்மோன்" என்ற தலைப்பு அந்த ஏழு பேர் வித்தியாசத்தின்மேல்தான் பெருமளவு எழுந்தது. அளந்தது அன்பையும் இல்லை, தாராளத்தையும் இல்லை, நம்பிக்கையை. 2020இல் 677 பேரை வைத்து, முறையை முன்கூட்டியே பதிவு செய்து மீண்டும் செய்தபோது, அந்த விளைவு வரவில்லை. மூக்கில் அடித்ததில் மூளைக்குள் எவ்வளவு போகிறது என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிடோசினை அளந்ததாகச் சொல்லும் பல ஆய்வுகளிலும் ஓட்டை உண்டு. மாதிரியிலிருந்து மற்றப் பொருள்களைப் பிரித்து நீக்காமல் அளந்தால், எண் நூறு மடங்குகூட ஏறித் தெரியும். 2023இல், ஆக்ஸிடோசின் வந்து ஒட்டி வேலை செய்யும் ஏற்பியே இல்லாதபடி மரபணுவைத் திருத்திய ப்ரெய்ரி வோல் என்னும் புல்வெளி எலிகளும் வழக்கம்போல் ஜோடி சேர்ந்தன, குட்டிகளை வளர்த்தன. ஆன்லைனில் விற்கும் ஆக்ஸிடோசின் ஸ்ப்ரேயை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு உறுத்துவது ரசாயனம் இருக்கிறது என்பதில்லை, அது ஆள் பார்த்து வேலை செய்கிறது என்பதுதான். எலெய்ன் தன்னைப் போன்றவள் என்று ஒரு படிவம் சொன்னதற்கே 18 என்பது 91 ஆனது. சிகாகோ எலிகளிலும் இதேதான். அந்நிய இன எலிகளுக்கு அவை கதவு திறப்பதில்லை. ஆனால் பிறந்த அன்றிலிருந்து வேறு இன எலிகளோடு வளர்த்த எலி, வளர்ந்த இனத்துக்குத்தான் கதவைத் திறக்கிறது, தன் சொந்த இனத்துக்குத் திறப்பதில்லை. ரத்த சம்பந்தத்தைவிடப் பழக்கம் பேசுகிறது. உதவி தூய்மையானதா என்று கேட்பதைவிட அது யார்வரை நீள்கிறது என்று கேட்பது பயனுள்ள கேள்வி என்று நினைக்கிறேன்.

நோக்கத்தை அளந்தே தீர வேண்டிய ஓர் இடம் நம் ஊரிலும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுக்க வேண்டுமென்றால், அன்பினாலோ பற்றினாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோதான் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு திருப்திப்பட வேண்டும். குழு யாரையும் ஸ்கேன் செய்வதில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் என்ன தொடர்பு, ஏன் கொடுக்கிறார் என்று நேரில் விசாரிக்கிறது. இருவரும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படங்களைக் கேட்கிறது. இடையில் தரகர் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இருவரின் தொழில், கடந்த மூன்று நிதியாண்டுகளின் வருமானச் சான்று எல்லாவற்றையும் வாங்கி, இரண்டுக்கும் நடுவே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் சந்தேகிக்கிறது. பணம் கைமாறியதா என்பதை இந்த முறை ஓரளவு பிடித்துவிடும். முதலாளிக்காகக் கொடுக்கும் வேலைக்காரரின் நன்றிக்கடனையும், "நீ கொடுக்காவிட்டால்..." என்று வீட்டில் பேசிய பேச்சையும் பிடிப்பது கடினம். அமெரிக்க மருத்துவமனைகள் முகம் தெரியாதவருக்குக் கொடுக்க வருபவரிடம் இன்னும் துருவுகின்றன: பெறுபவரோடு உறவு உண்டாகும் என்று எதிர்பார்க்கிறாரா, பேர் புகழ் தேடுகிறாரா, பழைய பாவம் எதையாவது கழுவ நினைக்கிறாரா, உறுப்பு அங்கே ஒட்டாமல் போனால் தாங்குவாரா. பாட்சன் எலெய்னை வைத்துச் செய்ததையே இவர்களும் பேச்சில் செய்கிறார்கள்: நன்றி, புகழ், நிம்மதி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதன் பிறகும் அவர் கொடுக்கத் தயாரா என்று பார்ப்பது.